இலங்கை கொடுத்த கதிரை: வெஸ்ற்மினிஸ்ரர் பாராளுமன்றச் சுற்றுலா எப்படி?

முப்பத்தாறு வருஷம் யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவள் நான். முதலில் சமூகக் கல்வி, பிறகு வரலாறும் குடியியலும். "வெஸ்ற்மினிஸ்ரர் முறை" என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த முறைக்குப் பெயர் கொடுத்த லண்டன் பாராளுமன்றத்தைக் கண்ணால் காண எழுபது வயதாகிவிட்டது. மகள் வெம்பிளியில் இருக்கிறாள். ஜுபிலி லைனில் ஏறினால் மாறாமல் வெஸ்ற்மினிஸ்ரரில் இறங்கலாம். போன மாதம் ஒரு சனிக்கிழமை, பதினொரு வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போக நினைக்கிற நம்மாட்களுக்குப் பிரயோசனப்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் காசு விஷயம். காசு கட்டிப் பார்க்கிற சுற்றுலா சனிக்கிழமைகளிலும், சபை விடுமுறையில் இருக்கும்போது கிழமை நாட்களிலும் நடக்கும். முன்கூட்டியே ஒன்லைனில் எடுத்தால் வாசலில் எடுப்பதைவிட மலிவு. இன்னொரு வழியும் இருக்கிறது, கனபேருக்குத் தெரியாது. இங்கே வசிப்பவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதிக் கேட்டால் இலவசமாகவே சுற்றிக் காட்டுவார்கள். அதற்குக் காத்திருக்க வேண்டும். நான் ஊருக்குத் திரும்பும் நாள் கிட்டியதால் மகள் காசு கட்டியே எடுத்தாள். விவாதம் பார்க்க வேண்டுமென்றால் அதுவும் இலவசம். சபை கூடுகிற நாளில் வரிசையில் நின்று பார்வையாளர் மாடத்துக்குப் போகலாம்.

உள்ளே போகுமுன் விமான நிலையச் சோதனைதான். பை, பெல்ற், சில்லறை எல்லாம் தட்டில். என் சித்தாலேபத் தைலப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்த காவலரின் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. நல்ல பயிற்சி. ஒன்றரை மணித்தியாலம் நடக்க வேண்டும், கல் நிலம், இருக்க இடம் குறைவு. முழங்கால் வருத்தக்காரர் தடித்த அடிச் சப்பாத்துப் போடுங்கள். ஆள் கூட்டிக்கொண்டு போகிற சுற்றுலாவும் உண்டு, காதில் மாட்டுகிற கருவியும் உண்டு. நான் கருவியை எடுத்தேன். நிறுத்த நினைத்த இடத்தில் நிறுத்தலாம், யாரும் துரத்தமாட்டார்கள்.

முதலில் வெஸ்ற்மினிஸ்ரர் மண்டபம். 1097 இல் தொடங்கிய கட்டடம். எழுபது மீற்றருக்கு மேல் நீளம், நடுவில் ஒரு தூண் இல்லை. மேலே ஓக் மரக் கூரை, 1390களில் இரண்டாம் றிச்சட் போடுவித்தது. நல்லூர்த் தேர்முட்டியை அண்ணாந்து பார்த்தே கழுத்து நொந்தவள் நான், இங்கே கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடியே நின்றேன். படிக்குக் கிட்ட நிலத்தில் ஒரு பித்தளைத் தகடு. 1649 ஜனவரியில் முதலாம் சாள்ஸ் மன்னனை விசாரித்த இடம். அந்த மாதம் முடிய முதல் தலையை எடுத்துவிட்டார்கள். பேரன் அந்தத் தகட்டில் காலை வைத்துக்கொண்டு, "அம்மம்மா, ராசாவையே கேஸ் போட்டவையா?" என்றான். "ஓம் ராசா," என்றேன். எங்கள் வீட்டில் அவனுக்கும் அதுதான் பெயர் என்பதால் கொஞ்சம் குழம்பிப்போனான்.

அடுத்தது சென். ஸ்ரீபன் மண்டபம். 1834 இல் நெருப்புப் பிடிக்கும்வரை பொதுமக்கள் சபை இருந்த இடம் இதுதான். சபாநாயகரின் கதிரை இருந்த இடத்தை நிலத்தில் பித்தளைக் குமிழ்களால் குறித்திருக்கிறார்கள். 1642 இல் சாள்ஸ் மன்னன் படையோடு வந்து, ஐந்து உறுப்பினர் எங்கே என்று கேட்டதும் இங்கேதான். தனக்குக் கண்ணும் இல்லை, நாக்கும் இல்லை, சபை சொன்னாலொழிய என்று சபாநாயகர் லெந்தோல் முழந்தாளில் நின்று சொன்னார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் நடித்தே காட்டுவேன். கடைசி வாங்குப் பெடியங்கள்கூட அன்றைக்குக் கதைக்கமாட்டாங்கள்.

பிரபுக்கள் சபைப் பக்கம் ஒரே தங்கம். திருவிழாக் காலத்துச் சப்பறம்போல. கண் கூசும், வேறென்ன. ஒன்றை மட்டும் பாருங்கள், சிம்மாசனத்தை. வருஷா வருஷம் மன்னர் வந்திருந்து "என் அரசாங்கம் இன்னின்ன செய்யும்" என்று வாசிப்பது இங்கேதான். வாசிக்கிற தாளில் உள்ளது ஒரு சொல்லும் அவருடையதல்ல, எழுதிக் கொடுப்பது பிரதமரின் ஆட்கள். கருவியில் அதையும் சொல்லுகிறார்கள், ஒரு பகிடிபோல. எனக்கு அது பகிடியாகப் படவில்லை. சாள்ஸின் தலை போனது, ஆனால் மன்னருடைய அதிகாரங்களில் ஒரு பெரிய மூட்டை கலையாமல் அப்படியே பிரதமரின் மேசைக்குப் போய்விட்டது. இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்லுகிற கதை சபை மன்னரை வென்ற கதை. மூட்டை எங்கே போனது என்று பார்க்க நாங்கள்தான் கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

2019 இல் நடந்தது ஞாபகம் இருக்கும். ஓகஸ்ற் 28 ஆம் திகதி, பாராளுமன்றத்தை ஐந்து கிழமைக்கு நிறுத்திவைக்கச் சொல்லிப் பிரதமர் பொறிஸ் ஜோன்சன் ராணியாருக்கு ஆலோசனை கொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறுகிற நாள் கிட்ட வரும் நேரம், கேள்வி கேட்கிற சபைக்குப் பூட்டு. ராணியார் மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. செப்ரெம்பர் 24 இல் உயர் நீதிமன்றத்தின் பதினொரு நீதியரசர்களும் ஒரே குரலில், அது சட்டப்படி செல்லாது, சபை நிறுத்தப்படவே இல்லை என்று தீர்த்தார்கள். அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ரெலிவிஷனுக்கு முன்னால். அதற்கு முந்தின வருஷம்தான் கொழும்பில் இதே கூத்தைப் பார்த்து முடித்திருந்தோம். 2018 ஒக்ரோபர் 26 இல் ஜனாதிபதி பிரதமரைத் திடீரென்று மாற்றி, சபையை ஒத்திவைத்து, பிறகு நவம்பர் 9 இல் கலைத்தேவிட்டார். டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக அந்தக் கலைப்புச் செல்லாது என்றார்கள். பிள்ளை செய்த குளப்படியைத் தாய் அடுத்த வருஷம் செய்ததுபோல இருந்தது. (வெஸ்ற்மினிஸ்ரரைப் "பாராளுமன்றங்களின் தாய்" என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். 1865 இல் ஜோன் பிறைற் அப்படிச் சொன்னது இங்கிலாந்து என்ற நாட்டை, இந்தக் கட்டடத்தையல்ல. மாணவர் விடைத்தாளில் இதைச் சிவப்பு மையால் திருத்தியே என் பேனைகள் முடிந்தன.)

இனிப் பொதுமக்கள் சபை. ரெலிவிஷனில் பெரிதாகத் தெரியும், நேரில் சின்ன இடம். உறுப்பினர் 650 பேர், இருக்கை 427 பேருக்குத்தான். 1941 மே மாதம் ஜேர்மன் குண்டு விழுந்து முழுக்க எரிந்து, 1950 இல் திரும்பத் திறந்தார்கள். குண்டில் சிதைந்த வாசல் வளைவை அப்படியே வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். பச்சை வாங்கில் மட்டும் இருக்க விடமாட்டார்கள். பேரன் அரை அங்குல உயரத்தில் குந்தி நின்று, "நான் இருக்கேல்லை" என்றான்.

நான் அவ்வளவு தூரம் போனதே ஒரு கதிரையைப் பார்க்க. திரும்பக் கட்டிய இந்தச் சபைக்கு அந்தக் காலத்துப் பொதுநலவாய நாடுகள் ஆளுக்கொரு சாமான் கொடுத்தன. சபாநாயகரின் கதிரை அவுஸ்திரேலியா, மேசை கனடா, அமைச்சர்கள் கை ஊன்றிப் பேசுகிற பெட்டிகள் நியூசிலாந்து, கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும். இலங்கை கொடுத்தது படைக்கலச் சேவிதரின், அதாவது சபையின் ஒழுங்கைப் பார்க்கிற உத்தியோகத்தரின், கதிரை. சபாநாயகருக்கு நேர் எதிர்ப் பக்கம், உள்ளே வருகிற வாசலோடு இருக்கிறது. அங்கு நின்ற உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். பெரிய வேலைப்பாட்டை எதிர்பார்த்துப் போகவேண்டாம். ஆனால் எனக்கு, வெளிநாட்டில் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் எங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரையைக் கண்டமாதிரி நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்தது. 1949 இல் இந்தச் சபைதான் இலங்கைப் பாராளுமன்றத்துக்குச் செங்கோலும் சபாநாயகர் கதிரையும் அன்பளிப்பாக அனுப்பியது. 2018 நவம்பர் 16 இல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில், அந்தப் பாராளுமன்றத்தில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். சபாநாயகரின் கதிரையை உறுப்பினர்கள் பிடித்து வைத்துக்கொள்ள, சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் சூழ உள்ளே வந்தார். மிளகாய்த்தூள் பறந்தது, கதிரைகள் பறந்தன. அவர் நின்றபடியே வாக்கெடுப்பை நடத்தினார். லெந்தோல் முழந்தாளில், ஜயசூரிய நின்றுகொண்டு. கதிரை கிடைக்காத நாட்களில்தான் சபாநாயகர்மார் நல்லாய் வேலை செய்திருக்கிறார்கள் போலும்.

ஆனால் மிளகாய்த்தூள் எறிகிற நாளை எல்லோரும் காணுவார்கள். எனக்குப் பயம் சத்தமில்லாமல் நடக்கிறதில். 1977 ஜூலையில் எங்கள் நாட்டில் வெஸ்ற்மினிஸ்ரர் முறையில்தான் தேர்தல் நடந்தது. ஒரே கட்சிக்குப் பாதிக்குச் சற்றே மேலான வாக்கு, 168 இடத்தில் 140 இடம், அதாவது ஆறில் ஐந்து. அதை வைத்து அந்தக் கட்சியின் தலைவர் ஜே.ஆர். ஜயவர்தன 1978 இல் நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார். தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பர் 22 இல் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு: இருக்கிற பாராளுமன்றம் இன்னும் ஆறு வருஷம் இருக்கட்டுமா? ஓம் என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. அன்று நான் ஒரு பள்ளிக்கூடச் சாவடியில் எழுதுவினைஞர் கடமை. சனத்தின் சின்ன விரலுக்கு மை தடவினேன். ஒரு கிழவி வாக்குச்சீட்டைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, இதில ஒருத்தற்ற பேரும் இல்லையே, ஆருக்குப் போடுறது?" என்று கேட்டா. கடமையில் இருக்கிறவள் வாய் திறக்கக்கூடாது. யாழ்ப்பாணம் பெருமளவு பானைக்குப் போட்டது, நாடு முழுக்க ஏறக்குறைய 55 வீதம் விளக்குக்கு. அடுத்த வருஷம் ஓகஸ்ற்றில் ஆறாவது திருத்தம். தனிநாடு கேட்கமாட்டோம் என்று அதன்படி சத்தியம் செய்யாததால் எங்கள் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் இடத்தை இழந்தார்கள். எல்லாம் வாக்கெடுத்து, கை உயர்த்தி, சட்டப்படி நடந்தது.

இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நடக்கும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2024 தேர்தலில் 33.7 வீத வாக்குக்கு 650 இல் 411 இடம் கிடைத்ததைப் பார்க்கும்போது என் கை தன்னாலே கணக்குப் போட்டது. 2019 இல் மற்றக் கட்சிக்கு 43.6 வீதம், 365 இடம். எந்தக் கட்சி என்பதில் எனக்கு அக்கறையில்லை. அந்தப் பெரும்பான்மை வந்ததும் சபைக்குள் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. அமைச்சர்களாக 95 பேர் வரை பொதுமக்கள் சபையில் இருக்கலாம் என்று 1975 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. அவர்களுக்குச் சம்பளமில்லாத உதவியாளர்களாக இன்னும் பல உறுப்பினர்கள். இத்தனை பேரும் அரசாங்கத்துக்கு எதிராகக் கை தூக்கினால் பதவி போய்விடும். எதை எப்போது விவாதிப்பது என்ற நேரசூசியும் பெரும்பாலும் அரசாங்கத்தின் கையில், எதிர்க்கட்சிகளுக்கு ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாள். விடுமுறையில் சபையைத் திரும்பக் கூட்ட வேண்டுமென்றாலும் சபாநாயகரிடம் கேட்க வேண்டியது அமைச்சர்தான். இதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சர்வாதிகாரம் என்று 1976 இல் ஹெயில்ஷம் பிரபு பிபிசி விரிவுரையில் சொன்னார். அப்போது அவருடைய கட்சி எதிர்க்கட்சி. 1979 இல் ஆளுங்கட்சியானதும் அமைச்சரவையில் போய் இருந்தார். பிறகு அந்தச் சொல்லை அவ்வளவாக எடுக்கவில்லை.

வாக்களிக்க நடக்கிற இரண்டு ஓடைகளையும் காட்டுவார்கள். மணி அடித்து எட்டு நிமிஷத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஓம் என்பவர் ஒரு ஓடை, இல்லை என்பவர் மற்றது. புத்தக அலுமாரிகளுக்கு நடுவில் நடந்துபார்க்க நல்ல பம்பல். ஆனால் இந்த நாட்டில் சனத்தின் சீவியத்தைத் தீர்மானிக்கிற கனக்க விதிகள் இந்த ஓடைப் பக்கமே வருவதில்லை. அமைச்சர் ஒப்பமிடுகிற ஒழுங்குவிதிகள் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் வருகின்றன. சபையால் அவற்றில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியாது, எடுத்தால் முழுக்க எடு, விட்டால் முழுக்க விடு. பாராளுமன்றம் போட்ட சட்டத்தையே அமைச்சர் ஒழுங்குவிதியால் மாற்றலாம் என்று இடம் கொடுக்கிற பிரிவுகளும் உண்டு. அவற்றுக்கு இங்கே எட்டாம் ஹென்றிப் பிரிவு என்று பெயர். 1539 இல் தன் பிரகடனமும் சட்டம்போலச் செல்லும் என்று சட்டம் செய்துகொண்ட அதே மன்னன்.

பொதுமக்கள் சபை கடைசியாக ஓர் ஒழுங்குவிதியை வேண்டாம் என்று தள்ளியது எப்போது தெரியுமா? 1979 இல். எதைப் பற்றி? மண்ணெண்ணெய். பரஃபின் என்று இங்கே சொல்லுகிறார்கள், அதன் உச்ச விலை பற்றிய உத்தரவு. இதை வாசித்தபோது எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து, மண்ணெண்ணெயைத் துளித்துளியாகப் பார்த்து எரித்த ஆட்கள். அந்த வெளிச்சத்தில்தான் நான் "வெஸ்ற்மினிஸ்ரர் முறையின் சிறப்பியல்புகள்" விடைத்தாள் திருத்தினேன். மண்ணெண்ணெய்க்கு ஒரு சபை எழும்பி நின்றதென்றால் மரியாதைதான். ஆனால் அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் எழும்பி நிற்க ஒன்றுமே வரவில்லையா? 2020 மார்ச் 26 இல் ஆட்களை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்ற ஒழுங்குவிதி வந்தது. சபை அதற்கு முதல்நாள்தான் விடுமுறைக்குக் கலைந்திருந்தது. பொதுமக்கள் சபை அதை விவாதித்தது மே 4 இல். தொற்றுக் காலம், அவசரம், ஒத்துக்கொள்கிறேன். அதே வருஷம் டிசம்பர் 30 இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கான சட்டமூலம் இரண்டு சபையிலும் ஒரே நாளில் எல்லாக் கட்டமும் தாண்டியது. என் வகுப்பில் ஒரு பிள்ளை அவ்வளவு பக்கத்தை ஒரு நாளில் வாசித்தேன் என்று சொன்னால், வெளியில் நிற்க விட்டிருப்பேன்.

நல்லதையும் சொல்லாவிட்டால் பாவம். 2013 ஓகஸ்ற்றில் சிரியாவில் இராணுவ நடவடிக்கைக்கு ஆதரவு கேட்ட பிரதமரை 285க்கு 272 என்று தோற்கடித்தது இதே சபை. அவரும் சரி என்று ஒதுங்கினார். 2019 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்த பிரதமர் சபையில் 230 வாக்கால் தோற்றார். 2010 இலிருந்து தெரிவுக்குழுத் தலைவர்களை உறுப்பினர்களே இரகசிய வாக்கில் தெரிவுசெய்கிறார்கள், அங்கே அமைச்சர்களைப் பிழிந்தெடுக்கிறார்கள். ஆக, சபைக்குப் பல் இருக்கிறது. கடிக்க மனம் வருகிற நாட்கள் குறைவு.

மதிப்பெண்: சுற்றுலாவுக்கு ஐந்துக்கு நாலரை. மண்டபம் ஒன்றுக்கே கொடுத்த காசு சரி. பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், கேள்வி வரும். அரைப் புள்ளி ஏன் குறைத்தேன் என்றால், பத்துப் பதினைந்து அடி தூரத்துக்கு ஒரு மன்னரைப் பற்றிச் சொல்லுகிறார்கள், ஒழுங்குவிதியைப் பற்றி யாரும் மூச்சும் விடுவதில்லை. கோட்டும் முடியும் காட்டுவது சுலபம், அது விளங்குகிறது. பாராளுமன்றத்துக்குப் புள்ளி போடமாட்டேன். திருத்தி முடியாத விடைத்தாளுக்குப் புள்ளி போட்டுப் பழக்கமில்லை.

கடையில் பேரன் ஒரு பென்சில் வாங்கினான். திரும்பி வரும்போது ரெயினில் இருக்க இடம் கிடைத்தது. பேக்கர் ஸ்ரீற் தாண்டும்வரை பேசாமல் இருந்தவன், "அம்மம்மா, பானை வெண்டதா?" என்று கேட்டான்.

"எங்கட பக்கம் வெண்டது. நாட்டில தோத்தது."

"அப்ப அடுத்த எலெக்ஷன் எப்ப வந்தது?"

"எண்பத்தொன்பது மாசியில. எழுபத்தேழில வந்த பாராளுமன்றம் எண்பத்தெட்டுக் கடைசி மட்டும் இருந்தது."

விரல் விட்டு எண்ணினான். ஒரு கை முடிந்து மறு கையும் முடிந்து, திரும்பவும் முதல் கையின் பெருவிரலுக்கு வந்தான். "பதினொண்டு," என்றான். "என்ர வயசு."

"ஓம்."

"நான் பிறந்ததில இருந்து இப்ப மட்டும் ஒரே பாராளுமன்றமா?"

"ஓம் ராசா."

வெம்பிளி பார்க் வந்துவிட்டது. பென்சிலைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, என் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினான்.